ஐஸ் கம்பெனி வாயுவும் சாண வாயுவும்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு ராஜபாளையத்தில் எனக்கு இரண்டு ஐஸ் பேக்டரி. டிகிரிக்காரர்கள் மீட்டரைத் தேடுவதற்குள், கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். ஆனால் பத்து வயதில் எனக்கிருந்த வாயு ஞானம் அப்பாவைக் காவு கொடுத்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியப்பா வீட்டில் சாண எரிவாயு உண்டு. அந்தக் குழாயை வாளித் தண்ணீரில் முக்குவேன். வாயு குமிழி குமிழியாக மேலே வந்து தீக்குச்சிக்குப் பற்றும். வாயுவைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்தேன்.

அப்பாவும் தாய்மாமாவும் ராஜபாளையத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். எண்பதுகளில் ஒரு கோடை லீவு, மத்தியானம் சோறு கொண்டுபோனேன். வாசலிலேயே கண் எரிந்தது. ஐஸை உறையவைக்கும் அமோனியா வாயுவின் குழாய் விட்டுப்போய் வெள்ளைப் புகை. மற்றவர்கள் தெருவுக்கு ஓடியிருக்க, அப்பா மட்டும் மூக்கில் ஈரத்துண்டோடு வால்வை மூட உள்ளே போயிருந்தார்.

மாமா ஹோஸை என் கையில் திணித்தார். “ஏலே, கதவுக்கு நேரா புகை மேலயே பீச்சு. மோட்டாரப் போட்டுட்டு வாரேன்.”

தண்ணீர் வந்தது. எனக்கோ அழுகை வந்தது.

“தண்ணிக்கெல்லாம் வாயு அடங்காது மாமா!” ஹோஸைப் போட்டுவிட்டு அப்பாவை இழுத்துவர உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்த மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டார். “பெரிய விஞ்ஞானி! தள்ளுலே அங்கிட்டு!”

அவர் பீச்சப் பீச்சப் புகை தண்ணீரில் கரைந்து வழி விட்டது. அந்த வழியாக அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். வால்வை மூடிவிட்டார். இருமி, முகம் கழுவி, சிவந்த கண்ணோடு கேட்டார்: “சோறு கொண்டாந்தியாலே?” போன உயிர் எனக்குத் திரும்பியது.

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த மகள் பிற்பாடு நோட்டில் வரைந்து காட்டினாள். அமோனியாவில் மூன்று ஹைட்ரஜனும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்க, நைட்ரஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். ஒரு முனை கொஞ்சம் மைனஸ், மறுமுனை கொஞ்சம் பிளஸ். தண்ணீரும் அப்படியே, அதனால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். சாண வாயுவில் கார்பனைச் சுற்றி நாலு ஹைட்ரஜனும் நாலு திசையில் சமமாக நிற்பதால் முனையே கிடையாது. தண்ணீர் எதைப் பிடிக்கும்? நாலு நிமிஷத்தில் விளங்கிக்கொண்டேன். மூளை அம்புட்டு.

அன்றைக்கு எதுவும் விளங்கவில்லை. அப்பாவுக்கு மூச்சு நிதானப்பட்டதும் மாமா அடித்ததை விக்கி விக்கிச் சொன்னேன். அப்பா என் கன்னத்தைப் பார்த்தார். பிறகு மாமாவின் தோளைப் பிடித்து எழுந்தார். இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்காக ஒரு வார்த்தை கேட்காத அப்பாவோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.