பார்க்க வராத செயலாளர்

நீலமேகத்துக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்த பிறகு ஊரே அவர் வீட்டுக்கு வந்து போனது. வராத ஒரே ஆள் திருவேங்கடம். இருவரும் மீசை முளைக்கும் முன்பிருந்தே ஒரே படகில் போனவர்கள்.

திருவேங்கடம் எங்கள் குப்பத்துப் பாடு சங்கத்தின் செயலாளர். பழவேற்காடு ஏரியில் இறால் ஓடுகிற இடங்களைப் பாடு என்போம். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல பாடுகள் சிலதான், பங்குக்காரர்களோ அதிகம். அதனால் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து இறங்குகிறார்கள். தன் முறைக்குத் தானே போய் வலை கட்ட வேண்டும். போக முடியாமல் படுத்துவிட்டவரின் பங்கு, காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போகும். எழுந்து வந்தால் அவர் வரிசையின் கடைசியில் நிற்கலாம்.

ஆனால் வாய்ப்பேச்சை வைத்து யார் பங்கையும் பிடுங்க முடியாது. எப்போதோ, காய்ச்சலில் கிடந்த ஒருவனைச் செத்துவிட்டான் என்று சொல்லிப் பங்கைப் பறித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து, செயலாளர் தன் கண்ணால் பார்த்து, சபையில் எழுந்து சொன்னால்தான் செல்லும். குழாயடிப் பேச்சும் வாட்ஸ்அப் செய்தியும் கணக்கில் வராது.

நீலமேகம் விழுந்த பிறகு நடந்த குலுக்கலில் திருவேங்கடம் அவர் பெயரையும் கூப்பிட்டார். "இருக்காரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நீலமேகத்தின் மச்சான் குரல் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முறைக்கு மச்சானே போய் வலை கட்டினான்; அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. நீலமேகத்தின் மனைவி வசந்தா பொன்னேரி சந்தையில் மீன் விற்றுக் கொண்டுவருவதோடு இதுவும் சேர்ந்துதான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் முன்பு மேஸ்திரியாக இருந்தவர் திருவேங்கடம். மீன் ஏலம் போடும் இடத்தில் அவரைப் பிடித்து, "ஊருக்கே தெரிஞ்சது உன் சங்கத்துக்கு மட்டும் எப்பிடிப்பா தெரியாம இருக்குது?" என்று கேட்டேன்.

"யார்டுல பொட்டி கண்ணு முன்னாடி நிக்கும்க்கா. கம்ப்யூட்டர்ல ஏறலன்னா அந்தப் பொட்டியே இல்ல. இங்க நான் சொல்லலன்னா ஆளு வுழவே இல்ல. அவ்ளோதான்."

"அவரு எப்பிடிக்கீறாருன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

சட்டென்று கையை உயர்த்தினார். "சொல்லாத. நீ சொல்லாத. உனக்குப் புண்ணியமாப் போவும்."

சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அவசரமாக நடந்து மறைந்தார்.

நான் பொன்னேரியில் நோயாளி பராமரிப்பு படித்து, சென்னையில் பல வீடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். இப்போது குப்பத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன்; நீலமேகத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். எங்கள் வேலையில் ஷிப்ட் மாறும்போது போகிறவள் வருகிறவளிடம் எல்லாவற்றையும் கட்டிலருகில் நின்று சொல்ல வேண்டும். ஒன்றை விழுங்கினாலும் மாத்திரை இரண்டு தடவை போய்விடும். அதனால் தெரியாத மாதிரி இருப்பதை நான் ஒரு குணமாக மதிப்பதில்லை. ஆனாலும், வசந்தாவின் அடுப்பைப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டேன்.

காத்திருப்போரில் முதல் ஆள் கார்த்திக். கல்யாணமாகி, மனைவி மாசமாக இருந்தாள். யார் யார் படகிலோ கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் என் பின்னாலேயே வந்தான்.

"பெரிம்மா, மாமா ஏந்துருவாரா? நெஜத்த சொல்லு."

"ஏன், பங்கு வேணுமா?"

"வேணும்தான். அதுக்குன்னு அவரு படுத்தே கெடக்கணும்னு நெனைக்கல. ஏந்துருவாருன்னா நான் வேற வேல பாத்துக்குவேன். ஒண்ணும் தெரியாமக்கீறதுதான் பேஜாரா இருக்குது."

அவன் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் எழ வேண்டிய நீலமேகமே முயற்சி செய்யவில்லை.

காலில் கொஞ்சம் உயிர் இருந்தது, மடக்கினால் மடங்கியது. பிடித்து உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் நிற்கப் பழகலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நீலமேகமோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வசந்தா கஞ்சியைக் கரண்டியில் எடுத்தால் வாயை இறுக்குவார். பேச்சு குழறியதால் பேசவும் வெட்கம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவார். வந்தவர் யார் என்று பார்த்ததும் மறுபடி சுவர்.

நான்கைந்து தடவை கவனித்த பிறகு, "யாரத் தேடுறீங்க?" என்றேன்.

"வே... வேங்கடம்," என்றார். இடது கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. செயலாளர் வாசலில் கால் வைத்தால் பார்த்துவிடுவார். பார்த்தால் சொல்லியாக வேண்டும். சிநேகிதனின் பங்கைக் காப்பாற்ற, சிநேகிதனையே பார்க்காமல் இருந்தார் அவர். இதை நீலமேகத்திடம் யாரும் சொல்லவில்லை. சங்கத்திடம் ஒளிக்கப் போய், விழுந்த மனிதனிடமும் சேர்த்து ஒளித்துவிட்டார்கள்.

நேரே திருவேங்கடத்தின் வீட்டுக்குப் போனேன். கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லாதன்னுதான..."

"கேளுப்பா. பங்கு பொழைக்குது. ஆளு சாவுறான். எது வேணும் உனக்கு?"

ஊசி நின்றது.

"கை காலால இல்ல. நீ வரலன்னு. நோயாளிய அஞ்சாறு பேரு சேந்து காப்பாத்துறப்போ, அவருகிட்ட ஒரு வார்த்த கேக்க எல்லாருமே மறந்துபூடுறாங்க. எத்தினியோ வீட்ல பாத்துக்கீறேன்."

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். பிறகு, "நான் உள்ள வந்தா வசந்தா சோத்துக்கு இன்னா பண்ணும்க்கா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாது. அவர கேளு."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நீலமேகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றியதும் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. நீலமேகம் தலையைத் திருப்பினார். வந்தவரைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, தெளிவாகவே ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அவர் விழுந்ததிலிருந்து திக்காமல் வந்த முதல் வார்த்தை அதுதான். வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திட்டுடா, நல்லா திட்டு," என்று கட்டிலோரம் உட்கார்ந்தார் திருவேங்கடம். செத்துக் கிடந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஏன் வரவில்லை என்பதைச் சொன்னார். நீலமேகம் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்... சொல்லிடு. அந்தப் பையன் பொண்டாட்டி... மாசமாக்கீது."

"உன் வூடு?"

"வசந்தா பாக்கும்." அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "நீ... தெனம் வரணும்."

அடுத்த சபையில் திருவேங்கடம் எழுந்து, "நான் பார்த்தேன்" என்றார். பங்கு கார்த்திக்குக்குப் போனது. நீலமேகத்தின் பெயர் வரிசையின் கடைசிக்குப் போனது. இதில் மாயம் எதுவும் நடக்கவில்லை. வசந்தா இப்போது நண்டும் சேர்த்து விற்கிறாள்; கஷ்டம்தான். கார்த்திக் தன் முறையில் கிடைக்கிற இறாலில் ஒரு கை அள்ளி அவள் கூடையில் போடுகிறான். அவள் ஒரு தடவை திருப்பிக் கொட்டினாள், இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சபையிலேயே திருவேங்கடம் இன்னொன்றும் கேட்டார். இனிமேல் போய்ப் பார்க்கிற வேலை செயலாளருக்கு வேண்டாம், படுத்தவருக்குச் சொந்தமும் சிநேகிதமும் இல்லாத வேறொருவர் போகட்டும் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

திருவேங்கடம் தினம் காலையில் வருகிறார். நீலமேகத்தை எழுப்பி நிறுத்த, அவர் இடுப்பில் கட்டிய துணியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தேன். முதல் நாள் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"தூக்காதப்பா, அவரு எடைய அவரே தாங்கட்டும். சாயறப்போ மட்டும் புடி."

"மேஸ்திரிக்கு... பொட்டிதான் தூக்கத் தெரியும்," என்றார் நீலமேகம்.

கால் நடுங்கியது. நின்றார். நான் என் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.