சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்

மகள் சிங்கப்பூருக்கு நர்ஸ் வேலைக்குப் போன அன்று நாங்கள் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. என் மனைவியின் தம்பிதான் அவளைத் தன் காரில் சென்னைக்கு அழைத்துப் போனான். சிதம்பரத்தில் டாக்ஸி ஓட்டுகிறான். முன்பு சிங்கப்பூரில் மூன்று வருடம் கட்டட வேலை பார்த்தவன்.

காலை பத்து மணிக்கு மகள் போன் செய்தாள். "கெளம்புதுப்பா. போன ஆஃப் பண்ணச் சொல்றாங்க. எறங்குனதும் பேசுறேன்" என்றாள்.

என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. மச்சான் ஊர் திரும்பியபோது அவன் டிக்கெட்டைப் பார்த்திருந்தேன். அங்கே எட்டேகாலுக்குப் புறப்பாடு. சென்னையில் பத்து மணிக்கு இறக்கம். ஒன்றேமுக்கால் மணி நேரம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகவே பஸ்ஸில் ஒன்றேகால் ஆகும். சிங்கப்பூர் இவ்வளவு பக்கமா என்று அப்போதே தோன்றியது. யாரையும் கேட்கவில்லை.

பதினொன்றேமுக்கால் ஆனது. போன் வரவில்லை.

நான் மீன்பிடிக்கிறவன். விமானம் ஏறியதில்லை. அன்று கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடித்தது. மச்சான் வந்தது காற்றோடு. இவள் போவது காற்றுக்கு எதிரே. படகாக இருந்தால் இரண்டு மடங்கு நேரம் ஆகும், டீசலும் ஜாஸ்தி.

"ஒண்ணரைக்குள்ள பேசிடுவா" என்று மனைவியிடம் சொன்னேன்.

ஒன்றரையும் ஆனது. நானே மூன்று முறை போன் போட்டேன். ஆஃப். ஒரு படகு நேரம் தவறினால் இன்னொரு படகை எடுத்துக்கொண்டு தேடப் போவோம். இதைத் தேட எங்கே போவது? வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். கிழக்கே ஒன்றும் இல்லை. மனைவியும் வந்து நின்றாள்.

மச்சான் ஊர் திரும்பும் வழியில் அப்போதுதான் வந்து காரை நிறுத்தினான்.

"என்ன மாமா, ரெண்டு பேரும் இப்பிடி நிக்கிறீங்க?"

"பத்துக்கு ஏறுனது. இன்னும் எறங்கல."

"எப்பிடி எறங்கும்? நாலு மணி நேரத்துக்கு மேல ஆவுமே."

"ஒனக்கு ஒண்ணேமுக்கால்தான ஆச்சு? காத்து எதுத்து அடிக்குதா?"

மச்சான் சிரித்துவிட்டான். "காத்தா? அது என்ன உங்க ஃபைபர் படகா மாமா? அங்க எட்டேகாலுன்னா நமக்கு அஞ்சேமுக்கால். அவுங்க கடியாரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும்."

"கடியாரத்த மாத்தி வச்சா தூரம் கொறஞ்சிடுமாடா?" என்றாள் மனைவி.

"கொறையாதுக்கா. அதத்தான் நானும் சொல்றேன். மூணுக்குள்ள பேசுவா, பாரு."

அவன் கணக்கு சரியென்றுதான் பட்டது. காலையில் என் கணக்கும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதனால் உள்ளே போகவில்லை.

இரண்டு நாற்பதுக்கு போன் அடித்தது.

"அப்பா, வந்துட்டேன்."

எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. "அங்க மணி என்ன?" என்றேன்.

"அஞ்சு பத்து."

"பொழுது சாஞ்சிடுச்சா?"

"இல்லப்பா, நல்ல வெயிலு. ஏன் கேக்குற?"

பதில் சொல்வதற்குள் அவள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். நான் மணலில் உட்கார்ந்தேன். கால் அப்போதுதான் வலித்தது.