வெடித்த கண்ணாடிக் குழாய்கள்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் திகதியைத் திருப்பிப் பார்க்காமல் கடையை விட்டு இறங்க மாட்டேன். கொடுமை என்னவென்றால், இந்தப் புத்தியை நான் முதலில் காட்டியது பெற்ற தகப்பனிடம்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் அப்பாதான் பாயிலர்காரர். விடியுமுன் விறகு மூட்டி, துரை குளிக்க வெந்நீர் போடுவார். நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த அந்த இரண்டு மூன்று வருடத்தில், கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி லொறி வந்தது. பங்களாக் கூரையில் வரிசையாகக் கறுப்புக் கண்ணாடிக் குழாய்களை மாட்டி, மேலே ஒரு தொட்டியையும் வைத்துவிட்டுப் போனது. இனி வெயிலே தண்ணீரைச் சுடவைக்குமாம்.

"மழ நாளைக்கி நீ வேணும், இரு" என்றார் துரை. எங்கள் பக்கம் மழைக்குக் குறைச்சலில்லை என்பதால் அப்பாவின் வேலை தப்பியது. இல்லாவிட்டால் மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டப் போக வேண்டும். அவர் முழங்காலுக்கு அந்தச் சரிவு ஆகாது. அப்பா தினமும் கூரையை அண்ணாந்து பார்த்து முறைப்பார். நான் அதைக் கவனித்து வைத்திருந்தேன்.

மாரியம்மன் திருவிழா வந்தால் பங்களாத் தண்ணீரை மூடிக் கோயிலடிக்குத் திருப்பிவிடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். துரையும் அந்த நாட்களில் கொழும்புக்குப் போய்விடுவார். அந்த வருடம் அன்னதானம் முடிந்ததும், எண்ணெய்ப் பிசுக்கேறிய அண்டாக்களைக் கழுவ எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மறுநாள் காலையில், பங்களாத் தோட்டத்துக் குழாயிலிருந்து வெந்நீரை வாளி வாளியாகப் பிடித்தோம். சும்மா கொதிக்கிற தண்ணீர்தானே! தொட்டி காலியாகும்வரை விடவில்லை.

துரை மாலையில் திரும்புகிறார் என்று சொன்னார்கள். உச்சி வெயிலில் நான் மலை மேலேயுள்ள வால்வுக்கு ஓடி, தண்ணீரைப் பங்களாப் பக்கம் திறந்துவிட்டேன். இறங்கி வந்தபோது, கூரையில் ஏழெட்டுக் குழாய்கள் நொறுங்கிக் கிடந்தன. முற்றத்தில் அப்பா மட்டும் நின்றிருந்தார்.

"பங்களாவுல நீ மட்டுந்தானே இருந்தே?" துரை வந்து கேட்டார்.

"ஆமாங்க தொர" என்றார் அப்பா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

குற்றமுள்ள நெஞ்சுதான் வாயை அடைக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். அடுத்த வாரமே அவரைக் கான் வெட்ட அனுப்பினார்கள். அவர் நொண்டிக்கொண்டு லயத்து வீட்டுக்கு வரும்போது பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பொறாமையில் கெடுத்துக்கொண்டாரே மனுஷன் என்று சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில வருடங்களில் அந்தக் குழாய்கள் ஊரெல்லாம் ஏறின. கெஸ்ட் ஹவுஸ், இரத்தினபுரி மாணிக்கக்கல் முதலாளிமாரின் மாடி வீடு, பிறகு வாத்தியார் வீடு. குழாய் மாட்டக் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. சிங்களம் சரளமாகப் பேசுவேன், என்னையும் எடுத்துக்கொண்டார்கள். மறுபடி சண்டை மூண்டிருந்த காலம். நீளமான பெட்டிகளோடு ஒரு தமிழனைக் கண்டால் ஒவ்வொரு செக் பொயிண்டிலும் இறக்கிவிடுவார்கள். கண்ணாடி என்று சிங்களத்தில் சொன்னாலும் நம்பாமல் குழாய் குழாயாகத் தட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயிற்சியின் முதல் நாளே பெரிய பாஸ் சொன்னார்: "வெயில்ல காஞ்சு கெடக்கிற வெறுங்குழாய்க்குள்ள பச்சத் தண்ணிய விட்டுடாதீங்க. படபடன்னு வெடிச்சிரும்."

உச்சி வெயிலில் நான் திறந்துவிட்ட வால்வு ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறினேன்.

அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, அன்னைக்கி அத ஒடச்சது நான்தாங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும்டா. கொழாய் ஒடஞ்ச ஒடனே நீ மேலருந்து ஓடியாந்தத பாத்தேனே. எங்கே என் வேல போயிருமோன்னு எனக்காகத்தானே ஒடச்சே? ஒம்பேரு வந்துறக் கூடாதுன்னுதான் நான் வாயத் தொறக்கல."

நான் வேண்டுமென்று உடைக்கவில்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இத்தனை வருடம் நான் அவரைப் பற்றி என்ன நினைத்தேன் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.