பக்கிளின் பின்பக்கம்

ராஜசிங் அண்ணாச்சி நம் இடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் வணக்கம் சொல்வார். சட்டையை உள்ளே விட்டிருந்தால் தப்ப முடியாது. "தம்பி, பெல்ட்ட ஒரு நிமிசம் கழட்டுங்க" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவரிடமே கேட்டுவிட்டார். அந்த மனிதர் ஒரு கையில் வாளியும் மறுகையில் வேட்டியுமாக நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

சிவகாசியில் காலண்டர் அச்சகமொன்றில் புரூஃப் பார்ப்பது அவர் வேலை. எனக்கு எதிர் மேசை, என் தலையெழுத்து. முருகன் படத்தில் அச்சுப் புள்ளி விலகியிருக்கிறதா என்று பார்க்கும் அதே லென்ஸில்தான் பழைய பித்தளை பக்கிள்களையும் பார்ப்பார். பட்டாளம், போலீஸ், ரயில்வே, ஜமீன் சேவகன் என்று பிஸ்கட் டின்களில் நூற்றுப்பத்து வைத்திருக்கிறார். முன்பக்கத்தை அவர் மதிப்பதே இல்லை. "மூஞ்சிய எவன் வேணும்னாலும் செய்வான். செஞ்சவன் பேரு முதுகுலதான் இருக்கும்." பழைய பித்தளையை யாராவது பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தால் பொல்லாத கோபம் வரும். அவர் மனைவி ஞானபூரணி, ஆஸ்பத்திரி நர்ஸ், வீட்டில் எவர்சில்வர் தவிர வேறு பாத்திரமே வாங்குவதில்லை.

2004இல், காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது அவரைத் தேடி வேலுத்தாய் என்றொரு அம்மாள் வந்தார். அறுபது தாண்டியவர், தீப்பெட்டி கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறார். அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே பர்மா சண்டைக்குப் போன அப்பா திரும்பவில்லை. கூடப் போனவர் கொண்டுவந்து கொடுத்தது ஒரு பக்கிள் மட்டும். அதுவும் சந்தையில் வாங்கிய சாமான்தான் என்று சொந்தத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"எங்கய்யா கட்டுனதுதானான்னு மட்டும் சொல்லுங்க சார். எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல."

அண்ணாச்சி பக்கிளைத் திருப்பினார். பின்பக்கம் மொழுக்கென்று இருந்தது. சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, முதலில் அம்மாவும் பிறகு மகளுமாக, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அறுபது வருடம்.

"பேர அம்புட்டையும் தேச்சுட்டீகளே தாயி" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

வேலுத்தாய்க்கு அதில் என்ன தப்பென்று விளங்கவில்லை. "அய்யாவக் கறுக்க விடலாமா?" என்றார்.

பக்கிளை வாங்கி வைத்துக்கொண்டு, அதன்பிறகு மூன்று மாதம் அண்ணாச்சி எங்களைப் படுத்தி எடுத்துவிட்டார். சாயங்காலமானால் பிரவுசிங் சென்டர். எங்கெங்கோ இருக்கும் சேகரிப்பாளர்களுக்கெல்லாம் மெயில் போட்டார். எல்லோரும் பின்பக்கப் படத்தைத்தான் கேட்டார்கள். இந்தக் கூத்தில் காலண்டரில் ஒரு அமாவாசை ஒருநாள் தள்ளி அச்சுக்குப் போக இருந்தது. நல்லவேளை, நான் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"தெரியாதத எப்படித் தம்பி சொல்ல?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாய் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன். அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்க்காமல், "ஆமாம்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல தாயி" என்றார். வேலுத்தாய் பக்கிளுக்காகக் கையை மட்டும் நீட்டினார்.

அண்ணாச்சி டின்னைத் திறந்து எடுத்தார். மூன்று மாதம் தேய்க்காமல் கிடந்ததில் பித்தளை கறுத்துப் போயிருந்தது. நீட்டிய கையில் அதை வைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"பூரணி, கொஞ்சம் புளி எடு" என்று அடுக்களையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் போய்க் குத்தவைத்தார்.