துலங்கக் கூடாத வெண்கலம்

தெருவில் நிற்கும் வெண்கலச் சிலைகளைக் கழுவித் துடைத்து மெழுகு பூசுவது என் தொழில். வேலை நடந்ததே யாருக்கும் தெரியவில்லை என்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மத்திய நியூ ஜெர்சியில் ஊருக்கு ஒரு போர்வீரனாவது இருப்பான். கூடவே ஒரு தீயணைப்புக்காரர், பெயர்கள் பொறித்த ஒரு பாறை, என்னவென்று யாருக்கும் தெரியாத ஒரு சிவப்பு இரும்பு வளைவு. வெயில், பனி, சாலையில் தூவும் உப்பு, வாத்து எச்சம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவை நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை நானும் என் முதலாளி ரூத்தும் வேனில் போய் இறங்குவோம். ரூத்துக்கு அறுபது வயது, பழைய வெல்டர். நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, கணவரின் பார்மா வேலைக்குப் பின்னால் பிளெய்ன்ஸ்பரோ வந்து, விசா காரணமாக ஏழு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவள். வொர்க் பெர்மிட் கைக்கு வந்ததும் கிடைத்த முதல் வேலை இது.

சொந்தபந்தத்துக்கு விளக்கிச் சொல்ல முடியாத உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அவர்களுக்காகத்தான் இந்தச் சில சம்பவங்களை எழுதுகிறேன். இவற்றில் பாதிக்கு மேல் ஒரே சிலையைப் பற்றியவை. அந்தச் சிலையை நின்ற இடத்திலிருந்து கழற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு வருஷம் அல்லாடியிருக்கிறேன்.

பாட்லக்கில் விளக்கம்

எங்கள் அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில் பொங்கல் பாட்லக், ஆளுக்கொரு சமையலோடு வரும் விருந்து. புதிதாக வந்த ஒருவர் "நீங்க ஐ.டி.யா, பார்மாவா?" என்று கேட்டார். பிளெய்ன்ஸ்பரோவில் மூன்றாவது ஜாதி கிடையாது. நான் இரண்டும் இல்லை என்றதும் பக்கத்தில் லெமன் ரைஸ் தட்டோடு நின்ற ஒரு ஆன்ட்டி ஆர்வமாகிவிட்டார். மகளைப் பார்க்க மயிலாப்பூரிலிருந்து வந்திருப்பவர்.

முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுவோம், அப்புறம் சோப்பு நுரை, அப்புறம் நெருப்பு காட்டிச் சூடாக்கி மெழுகு பூசுவோம், கடைசியில் துணியால் துடைப்போம் என்று வரிசையாகச் சொன்னேன். மெழுகில் என்னென்ன கலப்போம் என்பதையும் சொன்னேன். கெமிஸ்ட்ரி படித்தது எங்கேயாவது உதவ வேண்டாமா? ஆன்ட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அபிஷேகம் பண்றேன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயேன்மா, எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கறே?"

நெருப்போடு ஒரு பெண்

வெண்கலம் சூடாக இருந்தால்தான் மெழுகு உள்ளே இறங்கும். அதற்குக் கையில் தீ பீய்ச்சும் ஒரு புரொப்பேன் டார்ச் வேண்டும். ஒரு ஊரின் போர்வீரன் சிலையில் நான் முழங்காலுக்குக் கீழே தீ காட்டிக்கொண்டிருந்தபோது ரூத் காபி வாங்க வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அனுமதிக் கடிதம் வேனில் இருந்தது. மாநிறத்தில் ஒரு பெண் அமெரிக்கப் போர்வீரனுக்குத் தீ வைக்கிறாள் என்று யாரோ ஒரு புண்ணியவான் 911 அடித்துவிட்டார்.

இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. டார்ச்சை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, கை இரண்டும் தெரியும்படி நின்றேன். பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ரூத் திரும்பி வந்து கடிதத்தைக் காட்டும் வரை இருபது நிமிஷம் வீரனும் நானும் ஒரே மாதிரி விறைப்பாக நின்றோம். ஒரு கார் கிளம்பிப் போயிற்று. இன்னொரு காரில் வந்த போலீஸ்காரர் மட்டும் போகவில்லை. வீரனின் பூட்ஸை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"மேடம், இந்த மெழுகு என் பைக் டேங்குக்கும் ஒத்துக்குமா?"

நின்ற கார்

இப்போது அந்தச் சிலைக்கு வருகிறேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு ஊரில், ஆரம்பப் பள்ளி இருக்கும் தெருமுனையில், ஜெயராணி ஆன்ட்டி நிற்கிறார். பாளையங்கோட்டைக்காரர். பதினான்கு வருஷம் அதே முனையில் குழந்தைகளைத் தெரு தாண்டவிடும் கிராசிங் கார்டாக இருந்தவர். அவர் இறந்தபின் பெற்றோர்கள் சேர்ந்து ஆளுயரத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். சேலை, அதன்மேல் கையில்லாத வெஸ்ட், காலில் ஸ்னீக்கர்ஸ், மூக்குக் கண்ணாடி, தூக்கிய வலது கையில் 'ஸ்டாப்' பலகை. ஊரில் சேலை கட்டிய சிலை அது ஒன்றுதான். முதல்முறை மெழுகு பூசப் போனபோது சிலையின் மடிப்புகளைப் பார்த்துவிட்டு, சிற்பிக்கு யாரோ நம் ஆள் கட்டிக் காட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை நல்ல மூடுபனி. ஒரு கார் வந்து முனையில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எதிரில் வண்டி இல்லை, குழந்தை இல்லை. போங்கள் என்று கையைக் காட்டினேன். ஓட்டி வந்த பெரியவர் கண்ணாடியை இறக்கினார். வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அந்த அம்மா கையை இறக்கட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

ஆசிட்

அடுத்த வசந்தத்தில் போனால் ஆன்ட்டி தகதகவென்று மின்னுகிறார்.

நம் வீட்டில் இது நல்ல செய்தி. எங்கள் தொழிலில் விபத்து. வெண்கலச் சிலையின் காப்பி நிறம் அழுக்கு இல்லை. ரசாயனம் தடவி, தீயில் சூடாக்கி, வேண்டுமென்றே உண்டாக்கும் தோல் அது. அது போனால் ஒரு வாரம் தங்கமாக இருக்கும், மறு மழைக்குத் திட்டுத் திட்டாகப் பச்சை ஏறும். ஒவ்வொரு தடவை உரிக்கும்போதும் வெண்கலமும் கொஞ்சம் கரையும். இரண்டு நாள் வேலை செய்து புதுத்தோல் போட்டோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் தங்கம்.

ஊர் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால், சிலையின் பாதுகாப்பைக் கருதி அதைக் கழற்றிக் கிடங்கில் வைத்துவிடுவார்கள். கிடங்குக்குப் போன சிலை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் சேலை மடிப்புக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பழுப்பாக ஒரு நார் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ரசத்துக்குத் தினமும் நான் கரைத்துப் பிழிந்து எறிகிற அதே நார். புளி! இந்த வட்டாரத்தில் வெண்கலத்துக்குப் புளி போடத் தெரிந்தவர் ஒன்று நானாக இருக்க வேண்டும், இல்லை நம்மவர் யாராவதாக இருக்க வேண்டும். குச்சியைச் சத்தமில்லாமல் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன். ரூத் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பொறுமையா, ஒரு இடம் விடாம ஆசிட் போட்டிருக்கான். இந்த அம்மா மேல அவனுக்கு ரொம்ப நாள் கோபம் இருந்திருக்கு."

சனிக்கிழமை காலை

சிலையைப் புளி போட்டு விளக்குகிறவர் பள்ளி நடக்கும் நாளில் வரமாட்டார் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை ஏழு மணிக்கு எதிரே காரை நிறுத்திக் காத்திருந்தேன். இரண்டாவது சனிக்கிழமை ஆள் வந்தார். எழுபதைத் தாண்டியவர், டிராக் பேன்ட், கம்பளித் தொப்பி, கையில் மடக்கு ஸ்டூல், வாளி, ஒரு டப்பா. டப்பாவில் உப்பு போட்டு ஊறவைத்த புளி. ஸ்டூலில் ஏறி நெற்றியில் ஆரம்பித்தார். ஓடிப்போய் நிறுத்தினேன்.

"அங்கிள், அங்கிள், என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலையாம்மா? வருஷத்துக்கு ஒருக்க எவனோ வேன்ல வந்து இவ மேல அழுக்க அப்பிட்டுப் போறான். நான் வாராவாரம் வந்து கழுவுதேன்."

"அந்த எவன் நான்தான் அங்கிள்."

அவர் சாமுவேல் அங்கிள், ஆன்ட்டியின் கணவர். இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டார். ஊரில் இருந்தவரைக்கும் சர்ச்சின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளை வாராவாரம் சனிக்கிழமை விளக்குவது ஆன்ட்டியின் பொறுப்பாம். இங்கே வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லையாம். "அவ வெளக்குனா அதுல முகம் பாத்து ஷேவ் பண்ணலாம் பாத்துக்கோ. அப்பேர்ப்பட்டவள நான் கறுத்துப் போயி நிக்க விடுவேனா?" என்றார். கிடங்கு விஷயத்தைச் சொன்னேன். அசையவில்லை. "கொண்டுபோகட்டும். அங்கயும் புளியோட வாரேன்."

எனக்கு அப்போது உண்மையிலேயே கோபம் வந்தது. போனை எடுத்து, முதல் வருஷம் எடுத்த ஆன்ட்டியின் முகப் படத்தைக் காட்டினேன். கன்னத்தில் மச்சம், கண்ணாடிக் கம்பியின் கோடு, புருவத்தில் முடி முடியாக வரிகள். இப்போது மச்சம் இல்லை, புருவம் வழவழவென்று இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் விளக்கினால் கண்ணாடியும் போய்விடும் என்று கொஞ்சம் கறாராகவே சொல்லிவிட்டேன். சொல்லிய பிறகுதான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அங்கிள் படத்தைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். டப்பாவை மூடினார்.

"அப்ப இத்தன நாளும் நான் அவ முகத்தத்தான் தேச்சு எடுத்துட்டு இருந்திருக்கேன்."

வளையல் வரைக்கும்

அதிகாரியிடம் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். ஆசிட் இல்லை, ஒருவர் அன்பினால் சுத்தம் செய்திருக்கிறார், இனி செய்யமாட்டார். அவர் ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்தார். முழுச் சிலையும் சீராக இருக்கிறது என்று ரூத் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும், மறுபடி எங்காவது பளபளப்பு தெரிந்தால் கிரேன் வரும்.

இரண்டாம் முறை தோல் போட ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனோம். அங்கிளும் வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர் மாதிரி ஒரு ஓரமாக நின்றார். "சனிக்கிழமை ஆனா என்ன செய்யன்னே தெரியல" என்றார். டார்ச்சைப் பற்றவைத்தேன்.

எட்டரைக்குப் பள்ளிக் குழந்தைகள் வரிசையாக வந்ததால் டார்ச்சை அணைத்துவிட்டு ஒதுங்கினேன். ஆன்ட்டியின் இடது கை, பிடித்துக்கொள்ளத் தோதாகக் கீழே நீண்டிருக்கும். தாண்டிப் போகும் ஒவ்வொரு குழந்தையும் அதை ஒருதரம் பிடித்துவிட்டுப் போயிற்று. சொல்லிவைத்த மாதிரி ஒன்றுகூடத் தவறவில்லை. எங்கள் அறிக்கையில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: பொதுமக்கள் கைபட்டுத் தேய்ந்த இடம். அப்படிப்பட்ட இடத்துக்கு நிறம் போட வேண்டியதில்லை, போட்டாலும் நிற்காது.

உடம்பு முழுவதற்கும் காப்பி நிறம் ஏற்றினேன். இடது கையை மட்டும் விட்டுவிட்டேன். அங்கிளைக் கூப்பிட்டு, இந்தக் கை மட்டும், காய்ந்த துணி மட்டும், புளி கிளி என்று எதுவும் கூடாது என்றேன். அவர் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேரத்தை ஆரம்பித்தார்.

"மணிக்கட்டு வரைக்கா? வளையல் சேத்தியா?"

"வளையல் சேர்த்தி அங்கிள்."

பாக்கெட்டிலிருந்து பழைய பனியன் துணி ஒன்றை எடுத்தார். எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார் மனுஷன். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், பிறகு வளையலைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை, வேனுக்குப் போய்ச் சாமான்களை அடுக்கினேன்.

திரும்பி வந்தபோது ரூத் என் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தாள். 'இடது கை: பொதுமக்கள் கைபட்டுத் தேய்ந்தது, அப்படியே விடலாம்' என்று எழுதியிருந்தேன். அவள் சிலையின் கையைக் குனிந்து பார்த்தாள். நாலடி தள்ளி, பனியன் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற அங்கிளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.

"இந்த ஊர்ப் பொதுமக்களை மெச்சணும், வளையல் ஓரத்துல கோடு போட்ட மாதிரி நிறுத்தியிருக்காங்க."

இப்படியாக, வெண்கலம் துலங்கவே கூடாது என்று ஊர் ஊராகத் தீயும் மெழுகுமாய் அலைகிற நான், என் பெயர் போட்ட அறிக்கையிலேயே ஒரு பொய்யெழுதி, ஒரு கையை மட்டும் துலங்கவிட்டிருக்கிறேன்.