சித்தி சேந்திய தண்ணீர்

நர்ஸ் பயிற்சியில், வீடுகளுக்குப் போனால் பார்க்க வேண்டியவை என்று எங்களுக்கு ஒரு பட்டியல் தந்தார்கள். குழந்தையின் எடை, தொப்புள், தாய்ப்பால், வீட்டுச் சாக்கடை. தண்ணீர் கேட்பது அதில் இல்லை.

காணைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்த நர்சம்மா ஒவ்வொரு முறையும் தண்ணீர் கேட்பார். சித்திக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து வாரம் ஒரு தரம் வந்தார். குழந்தையைத் துணியில் கட்டித் தராசில் தொங்கவிடுவார், அட்டையில் குறிப்பார், பிறகு சித்தியிடம், "கெணத்துல புதுசா சேந்திக் குடும்மா" என்பார். குடம் நிறைய இருந்தாலும் அது ஆகாது. சித்தி கயிறு இழுத்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று அவள் கைகளையே பார்ப்பார். இவ்வளவு வீம்பு பிடித்த அம்மாளை நான் கண்டதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு நாள் காலை சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் கை நிறைய வறுத்த மல்லாட்டைக் கடலை கொடுத்தார்.

"உங்க சித்தி விழுந்து கைய சுளுக்கிக்கினா. நர்சம்மா வந்தா நீயே சேந்திக் குடு. அந்தம்மாகிட்ட வேற எதுவும் பேசிக்கினு நிக்காத."

சித்தி அடிக்கடி விழுவாள்.

நர்சம்மா வாயைத் திறக்கும் முன்பே செம்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"உங்க சித்தி எங்க?"

"அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல. நான்தான் சேந்தினேன்."

"கெட்டிக்காரி. நீயே குடி."

உள்ளே போய் சித்தியின் முந்தானையை விலக்கி முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். "விழுந்துட்டேங்க" என்றாள் சித்தி. நர்சம்மா கட்டுப் போட்டுவிட்டு, வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்த சித்தப்பாவிடம் வந்தார்.

"இனிமே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவேன். எனக்குத் தண்ணி நீங்கதான் சேந்தித் தரணும்."

"ஆம்பள சேந்தறதா? ஊரே சிரிக்குமேங்க."

"வீசிப் பழகின கை. கயிறும் இழுக்கும், போங்க."

சித்தப்பா போனார். வாளி சுவரில் இடித்து இடித்துப் பாதித் தண்ணீரோடு மேலே வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நர்சம்மா சிரிக்காமல் செம்பைக் காலி செய்தார்.

சொன்னபடியே ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாசி வரை வந்தார். சில நாள் காலை, சில நாள் விளக்கு வைக்கும் நேரம். எப்போது என்று சொல்வதில்லை. சித்தப்பா சிந்தாமல் சேந்தப் பழகிவிட்டார். சித்தி அதன் பிறகு விழவே இல்லை. அந்த வருஷம் மழை குறைவு, கிணற்றடி வழுக்காததுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கிச் சொன்னேன்.