தங்கவேல் அண்ணன் தட்டிய கதவு

நானுஓயா ரயில் நிலையத்தில் நின்றபோது கந்தப்பளையிலிருந்து அழைப்பு வந்தது. "மாமா போயிட்டாருங்க" என்றார் தங்கவேல் அண்ணனின் மருமகன். பதிவுப் புத்தகம் தொலைந்த பழைய கார் ஒன்று அகப்பட்டால், அதன் இரும்புச் சட்டத்தில் அடித்த சேசி இலக்கத்தைத் தேடிப் படிக்க பழைய வாகனம் வாங்கி விற்கும் நாங்கள் எல்லோரும் அவரைத்தான் அழைப்போம்.

"நம்பர் தகட்ட கழட்டி மாத்திரலாம். சட்டத்துல அடிச்சத மாத்தினா இரும்பே காட்டிக் குடுத்துரும்" என்பார்.

எந்தக் காரையும் தொடுமுன் கதவை மூன்று முறை தட்டுவார். நான் கேலி செய்தால், "வீட்டுக்காரங்க இருக்காங்களான்னு கேக்க வேணாமா?" என்பார். உள்ளே பாம்போ குளவியோ இருந்தால் அசையும், அவ்வளவுதான் காரணம்.

ஒரு வறட்சியில் பொகவந்தலாவைக்குக் கீழேயுள்ள நீர்த்தேக்கம் வற்றி, சேற்றிலிருந்து ஒரு கார் மேலே தெரிந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பார்வதி அக்கா என்னைத் தேடி வந்தார். அவருடைய அப்பா தோட்டத்துத் துரையின் காரோட்டி. அக்கா சிறுமியாக இருந்தபோது காருடன் காணாமல் போனவர். "கார் களவாணி மகள்னுதாங்க இன்னும் சொல்றாங்க" என்றார். தோட்ட நிர்வாகம் அப்போது கொடுத்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியில் காரின் சேசி இலக்கம் இருந்தது. தங்கவேல் அண்ணனை அழைத்துச் சென்றேன்.

பகல் பதினொரு மணி. பனிமூட்டம் கரைவரை இறங்கியிருந்தது. அண்ணன் கதவை மூன்று முறை தட்டினார்.

உள்ளிருந்து மூன்று முறை தட்டும் ஓசை வந்தது.

காரணம் எனக்குத் தெரியாது. கேட்டதை எழுதுகிறேன். கரையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அண்ணன் மண்ணெண்ணெயால் துருவைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் உரசினார். கடைசி இலக்கம் மட்டும் தெளியவில்லை.

"எட்டுதான் அண்ணே, எழுதுங்க" என்றார் ஒருவர்.

"நீயா அடிச்ச? அது எட்டா மூணான்னு இரும்பு சொல்லட்டும்."

மீண்டும் துடைத்தார்; புதிய தாளில் உரசினார். எட்டு. முறைப்பாட்டிலும் எட்டு.

பார்வதி அக்கா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னொருக்கா தட்டுங்கண்ணே."

"வேணாம் தங்கச்சி. அவரு சொல்ல வேண்டியத சொல்லிட்டாரு."

பிற்பகலில் பொலிஸார் வந்து சேற்றை அள்ளினார்கள். ஓட்டுநர் இருக்கையில் எலும்புகள் இருந்தன. அசையக்கூடிய வேறு எதுவும் உள்ளே இல்லை. அதன்பிறகு அந்த ஓசையைப் பற்றி அண்ணன் ஒருநாளும் பேசவில்லை. தட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அவரை அடக்கம் செய்த அன்று பார்வதி அக்கா வந்திருந்தார். பெட்டியை மூடியதும் அருகே போய், விரலை மடக்கி மூன்று முறை தட்டினார். எல்லோரும் காத்திருந்தோம். மழைதான் பெய்தது.

அந்த எட்டு தெளிவாக விழுந்த தாள் பார்வதி அக்காவிடம் இருக்கிறது. கடைசி இலக்கம் தெளியாத முதல் தாளை அண்ணன் என்னிடம் தந்திருந்தார். அவர் நினைவாக நான் வைத்திருப்பது அதைத்தான்.